நடைபாதையில் ஒரு கோடு: பாஸ்டன் கிளினிக் வாசலில் இருபது ஆண்டுகள்

எதைப் பற்றிய ஆய்வு

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கருக்கலைப்பு கிளினிக் வாசலில் நிற்பவர்கள் எதுவரை வரலாம், என்ன பேசலாம் என்ற வழக்கு 1994-இல் ஒரு கொலையில் தொடங்கி 2014-இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. சம்பந்தப்பட்ட தனிமனிதர்களின் பெயரை இங்கே தவிர்த்திருக்கிறேன். அவர்கள் எங்கே நின்றார்கள், அரசு என்ன முடிவு எடுத்தது, அந்த முடிவு யார் தலையில் விழுந்தது என்பதைப் புரிந்துகொள்ளப் பெயர்கள் தேவைப்படவில்லை.

கருக்கலைப்பு சரியா தவறா என்று இங்கே வாதாடப் போவதில்லை. ஒரு பெண் பயமில்லாமல் மருத்துவரைப் பார்க்கப் போக வேண்டும். இன்னொருவர் தன் நம்பிக்கையைத் தெருவில் நின்று தாழ்ந்த குரலில் சொல்ல முடிய வேண்டும். இரண்டுக்கும் ஒரே நடைபாதையில் இடம் உண்டு என்று உறுதியாக நம்புகிறவன் நான். அந்த இடம் ஒருமுறை எப்படித் தவறிப்போனது என்பதைத்தான் பதிவு செய்கிறேன்.

பின்னணி: 1994 டிசம்பர் 30

பாஸ்டனை ஒட்டியிருக்கிறது புரூக்லைன். அதன் பீக்கன் தெருவில் இருந்த இரண்டு கிளினிக்குகளுக்குள் அன்று காலை ஒருவன் துப்பாக்கியோடு, அடுத்தடுத்து, நுழைந்தான். இரண்டு இடத்திலும் வரவேற்பு மேசையில் இருந்த பெண் ஊழியர்கள் செத்தார்கள். ஒருவருக்கு 25 வயது, இன்னொருவருக்கு 38. ஐந்து பேர் காயமடைந்தார்கள். தப்பியோடியவன் மறுநாள் வர்ஜீனியாவின் நார்ஃபோக் நகரில் இன்னொரு கிளினிக்கை நோக்கிச் சுட்டபோது பிடிபட்டான்.

பின்னால் வந்த எல்லாச் சட்டத்துக்கும் இந்த நாள்தான் வேர். அதனால் கோடு போட்டவர்களை வெறும் அடக்குமுறைக்காரர்களாகப் பார்த்தால் கதையே பிசகிவிடும். வாசலில் நிற்கும் ஐம்பது பேரில் யார் ஜெபமாலை வைத்திருக்கிறார்கள், யார் மேலங்கிக்குள் வேறு ஏதாவது வைத்திருக்கிறார்கள் என்று உள்ளே வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. தினமும் காலையில் அந்த வாசலைக் கடந்துதான் அவர்கள் வேலைக்குப் போக வேண்டியிருந்தது.

கதவடைத்த அறையில் ஆறு பெண்கள்

கொலை நடந்ததும் பாஸ்டனின் கத்தோலிக்கக் கர்தினால், கிளினிக் வாசல் போராட்டங்களைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைக்கச் சொன்னார். இரு தரப்பும் உட்கார்ந்து பேச வேண்டும் என்று அவரும் ஆளுநரும் கேட்டுக்கொண்டார்கள். 1995 செப்டம்பரில் ஆறு பெண்கள் அப்படி உட்கார்ந்தார்கள். மூவர் கருக்கலைப்பு எதிர்ப்பு இயக்கங்களில் முன்னணியில் இருந்தவர்கள், மூவர் கருக்கலைப்பு உரிமைக்காக உழைத்தவர்கள். உரிமைப் பக்கம் இருந்தவர்களில் ஒருவர் எபிஸ்கோபல் என்ற கிறிஸ்தவ சபையின் போதகர். மதம் ஒரு பக்கம்தான் நின்றது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

வெளியே தெரிந்தால் சொந்த ஆட்களே துரோகி என்பார்கள் என்ற பயத்தில் எல்லாம் ரகசியமாகவே நடந்தது. முதல் கூட்டத்துக்கு முன், எதிர்ப்புப் பக்கத்தைச் சேர்ந்த மூவரும் பக்கத்து உணவகம் ஒன்றில் ஒரு மேசையில் உட்கார்ந்து சேர்ந்து ஜெபித்துவிட்டுத்தான் போனார்கள். நான்கு முறை சந்திப்பதாகத்தான் பேச்சு. அது ஐந்தரை ஆண்டுகள், 150 மணி நேரத்துக்கு மேல் நீண்டது. வார்த்தையிலேயே முட்டிக்கொண்டார்கள். ஒரு பக்கம் ‘பிறக்காத குழந்தை’ என்றது, மறுபக்கம் ‘கரு’ என்றது. இரண்டையும் விட்டுவிட்டு, யாருக்கும் முழுத் திருப்தி இல்லாமலே, ‘மனிதக் கரு’ என்ற சொல்லுக்கு வந்து சேர்ந்தார்கள்.

2001 ஜனவரியில் ஆறு பேரும் சேர்ந்து பாஸ்டன் குளோப் நாளிதழில் எழுதியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. கருக்கலைப்பு பற்றிய கருத்தை ஆறு பேரில் ஒருவர்கூட மாற்றிக்கொள்ளவில்லை, இன்னும் சொன்னால் அவரவர் நிலை உறுதியாகத்தான் ஆகியிருந்தது. ஆனால் கொலையை நியாயப்படுத்திப் பேசிவந்த வெளிமாநிலப் போதகர் ஒருவர் பாஸ்டனுக்கு வரக் கிளம்பியபோது, வராதீர்கள் என்று அவரைத் தடுத்து எழுதியவர்கள் இந்த எதிர்ப்புப் பக்கப் பெண்கள்தான். சட்டம் எதுவும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

முதல் கோடு: 2000

2000 ஜூனில், கொலராடோ மாநிலத்தின் கிளினிக் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் ஏற்றுக்கொண்டது. மருத்துவ நிலையத்தின் வாசலிலிருந்து 100 அடிக்குள் இருக்கும் ஒருவரை, அவர் சம்மதம் இல்லாமல் நோட்டீஸ் கொடுக்கவோ அறிவுரை சொல்லவோ 8 அடிக்குள் நெருங்கக் கூடாது என்பது அந்தச் சட்டம். மாசசூசெட்ஸ் அதைப் பின்பற்றித் தனக்கென ஒன்று கொண்டுவந்தது. வாசலைச் சுற்றி 18 அடி வரை ஒரு பகுதி, அதற்குள் சம்மதமில்லாமல் யாரையும் 6 அடிக்குள் நெருங்கக் கூடாது.

எழுத்தில் படிக்க நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் நடைமுறை வந்தது. ஆறு அடியை யார் அளப்பது? சம்மதம் கொடுத்தாரா இல்லையா என்று யார் சொல்வது? நின்ற இடத்திலேயே நின்றால் நெருங்கியதாகுமா?

கவனித்தவை: 2007-க்கு முந்தைய சனிக்கிழமைகள்

2007-இல் சட்டத்தைத் திருத்தும் முன் மாநிலச் சட்டமன்றம் சாட்சியம் கேட்டது. பாஸ்டன் காவல் அதிகாரி ஒருவர், 18 அடிக்குள் நெருக்கியடித்து நிற்கிறார்கள், ஐஸ் ஹாக்கியில் கோல் காப்பவர் நிற்கும் இடம் மாதிரி இருக்கிறது என்றார். அதே அதிகாரி இன்னொன்றும் சொன்னார். இத்தனை ஆண்டுகளில் அங்கே கைது செய்ததே ஐந்தாறு பேரைத் தாண்டாது, வழக்குப் போட்ட சிலவும் நிற்கவில்லை.

இந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில்தான் அரசு தன் முடிவை எடுத்தது. கூட்டம் உண்மை. சனிக்கிழமை காலையில் பாஸ்டனின் காமன்வெல்த் அவென்யூ கிளினிக் வாசலில் பெரிய கூட்டம் சேரும். கத்துபவர்கள், பதாகை பிடிப்பவர்கள், பாடுபவர்கள், ஜெபிப்பவர்கள் எல்லாரும் ஒன்றாக இருப்பார்கள். வூஸ்டர், ஸ்பிரிங்ஃபீல்ட் நகரங்களில் அந்த அளவுக்குப் பிரச்சினை இருந்ததாகச் சாட்சியத்தில் வரவில்லை. பாஸ்டனிலும் மற்ற நாட்களில் வாசலில் சிலர்தான்.

எடுத்த முடிவும் காரணமும்

அரசு 35 அடிக் கோட்டைத் தேர்ந்தெடுத்தது. கிட்டத்தட்ட ஒரு நகரப் பேருந்தின் நீளம். வாசலையும் வண்டி நுழையும் வழியையும் மையமாக வைத்து நடைபாதையில் பெயிண்டால் வளைவு வரைந்து பலகை வைத்தார்கள். கிளினிக் திறந்திருக்கும் நேரத்தில் அதற்குள் யாரும் நிற்கக் கூடாது. உள்ளே போகிற வருகிறவர்கள், வேலை நிமித்தம் நிற்கும் கிளினிக் ஊழியர்கள், போலீஸ், ஆம்புலன்ஸ் போன்றோர், வேறு எங்கோ போகும் வழியில் கடந்துபோகிறவர்கள் மட்டும் விதிவிலக்கு. முதல் முறை மீறினால் 500 டாலர் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை. மாநிலத்திலுள்ள எல்லாக் கருக்கலைப்பு கிளினிக்குக்கும் ஒரே அளவு.

காரணம் எளிமையானது. போலீஸ்காரர் யாருடைய மனதையும் படிக்க வேண்டாம், ஆறு அடியை அளக்க வேண்டாம். கால் கோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று பார்த்தால் போதும். ஓயாத தகராறில் சலித்துப்போன ஒரு நிர்வாகம் இப்படி முடிவெடுத்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆனால் அந்த எளிமைக்கான விலையை யார் கொடுக்கப் போகிறார்கள் என்று அப்போது யாரும் கணக்குப் போட்டதாகத் தெரியவில்லை.

கோட்டுக்கு வெளியே நின்றவர்

வழக்குப் போட்டவர்களில் முதலாமவர் எழுபதைக் கடந்த ஒரு பாட்டி. பதாகை கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது. கிளினிக்கை நோக்கி வரும் பெண்ணிடம் அவர் சொல்வது நீதிமன்ற ஆவணத்தில் இருக்கிறது: காலை வணக்கம், இந்த நோட்டீஸைத் தரலாமா, உங்களுக்கு நான் ஏதாவது செய்ய முடியுமா, கேள்வி ஏதும் இருந்தால் நான் இங்கேதான் இருக்கிறேன். தாழ்ந்த குரலும் அன்பான முகமும் கண்ணுக்குக் கண் பார்ப்பதும்தான் இதில் முக்கியம் என்று அவரும் அவருடன் வழக்கில் சேர்ந்தவர்களும் சொன்னார்கள். கத்துகிறவர்களால் தங்கள் வேலையே கெடுகிறது என்பதும் அவர்கள் எண்ணம்.

கோடு வந்த பின் பாஸ்டனில் கிளினிக்குக்கு முன்னால் 56 அடி அகலத்துக்கு நடைபாதை அவருக்கு மூடப்பட்டது. நடந்து வருகிற பெண்ணோடு பேச்சைத் தொடங்குவார், நாலு எட்டு வைப்பதற்குள் கோடு வந்துவிடும். அவர் அங்கேயே நின்றுவிட வேண்டும், அந்தப் பெண் நடந்துகொண்டே இருப்பார். பாதிப் பேச்சில் ஒருவர் சட்டென்று நின்றுவிட்டால் பார்க்கிறவருக்கு எப்படி இருக்கும்? இவரிடம் ஏதோ சரியில்லை என்றுதான் தோன்றும். கோட்டுக்குள் கிளினிக்கின் துணையாளர்கள் அந்தப் பெண்ணை அழைத்துக்கொண்டு வாசல் வரை போவார்கள்.

வூஸ்டரிலும் ஸ்பிரிங்ஃபீல்டிலும் நிலைமை இன்னும் மோசம். அங்கே பெரும்பாலும் காரில்தான் வருவார்கள். வண்டி திரும்பும் இடத்தில் நோட்டீஸை நீட்டினால்தான் உண்டு. அந்த இடம் கோட்டுக்குள் போய்விட்டது. வழக்கில் சேர்ந்த இன்னொருவர், 2007-க்கு முன் சுமார் 100 பேரிடம் தன் பேச்சு பலித்தது, அதற்குப் பிறகு ஒருவரிடம்கூட இல்லை என்றார். பாஸ்டன் பாட்டியோ கோடு வந்த பிறகும் ஏறக்குறைய 80 பெண்கள் தன் பேச்சைக் கேட்டு மனம் மாறியதாகக் கணக்குச் சொன்னார். முன்பைவிட மிகக் குறைவானவர்களைத்தான் எட்ட முடிகிறது என்பதையும் சேர்த்தே சொன்னார்.

கோட்டுக்கு அப்பால் நின்று உரக்கக் கத்துகிறவருக்கு 35 அடி ஒரு தடையே இல்லை. குரல் போய்ச் சேர்ந்துவிடும். மெதுவாகப் பேசுகிறவருக்குத்தான் 35 அடி என்றால் முழுச் சுவர். யாருடைய கூச்சலுக்காகக் கோடு போட்டார்களோ அவர்கள் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது, யாரால் தொல்லை இல்லையோ அவர்கள் அடங்கிப்போனார்கள். இந்த வழக்கை நான் திரும்பத் திரும்பப் படிக்கக் காரணம் இந்த ஒரு விஷயம்தான்.

நீதிமன்றத்தில்: 2008 முதல் 2014 வரை

2008 ஜனவரியில் தாக்கலான வழக்கு கீழ் நீதிமன்றங்களில் தோற்றது. 2014 ஜனவரி 15-இல் உச்ச நீதிமன்றத்தில் வாதம் நடந்தது. தீர்ப்பு ஜூன் 26-இல் வந்தது. சட்டம் செல்லாது என்பதில் ஒன்பது நீதிபதிகளும் ஒன்றுபட்டார்கள். ஏன் செல்லாது என்பதில் பிரிந்தார்கள்.

தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதிய தீர்ப்பில் நான்கு தாராளவாத நீதிபதிகளும் சேர்ந்துகொண்டார்கள். சட்டம் ஒரு கருத்தைக் குறிவைக்கவில்லை என்று அவர்கள் ஏற்றார்கள். வாய் திறக்காமல், பதாகை இல்லாமல் சும்மா கோட்டுக்குள் நின்றாலும் குற்றம்தான், ஆக என்ன பேசினார் என்பது கணக்கில் வரவில்லை. ஸ்காலியா, கென்னடி, தாமஸ் மூவரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. கருக்கலைப்பு கிளினிக் வாசலுக்கு மட்டும் போட்ட கோடு, கருக்கலைப்புக்கு எதிரான பேச்சைக் குறிவைத்ததுதான் என்றார்கள். அலிட்டோ தனியாக எழுதினார். கிளினிக் ஊழியர் கோட்டுக்குள் நின்று ஒரு பக்கத்தைப் பேசலாம், எதிர்த்துப் பேசுகிறவர் முடியாது என்பது அவருடைய வாதம்.

பெரும்பான்மைத் தீர்ப்பு சட்டத்தை வீழ்த்தியது வேறு இடத்தில். நடைபாதை என்பது பழங்காலம் தொட்டுக் கருத்துப் பரிமாறும் பொது இடம். டிவியையோ செய்தித்தாளையோ போல் அங்கே பிடிக்காததை அணைக்கவோ திருப்பவோ முடியாது, காதில் விழத்தான் செய்யும், அதுவே அதன் மதிப்பு. அப்படிப்பட்ட இடத்தை மூடும் முன் குறைந்த தடையுள்ள வழிகளை அரசு முயன்றிருக்க வேண்டும். வாசலை மறிப்பதும் மிரட்டுவதும் ஏற்கெனவே குற்றம். ஆனால் குறைந்தது 17 ஆண்டுகளில் அந்தச் சட்டங்களின் கீழ் நடந்த ஒரு வழக்கைக்கூட அரசால் காட்ட முடியவில்லை. ஒரு நகரத்தில், ஒரு கிளினிக்கில், வாரத்துக்கு ஒரு நாள் வரும் பிரச்சினைக்கு மாநிலம் முழுக்கக் கோடு போடுவது பொருந்தாது என்றது நீதிமன்றம். கோடு போட்டால் போலீஸுக்கு வேலை எளிது, ஆனால் பேச்சுரிமை எளிமைக்காக எழுதப்பட்டதல்ல என்ற கருத்தும் தீர்ப்பில் வந்தது.

வாசலில் நின்றவர்களில் பலருக்கு இது இறைப்பணி. ஆனாலும் வழக்கு வென்றது மத உரிமையின் பேரில் அல்ல, பேச்சுரிமையின் பேரில். இது சின்ன வித்தியாசம் இல்லை. நம்பிக்கை இருப்பவருக்குத் தனிச் சலுகை என்று தீர்ப்பு சொல்லவில்லை. நோட்டீஸ் நீட்டும் கத்தோலிக்கப் பாட்டிக்கு என்ன உரிமையோ, தொழிற்சங்க நோட்டீஸ் நீட்டும் தொழிலாளிக்கும் அதே உரிமை.

அடுத்து நடந்தது

மாநிலம் சும்மா இருக்கவில்லை. 34 நாட்களில், ஜூலை 30-இல், ஆளுநர் டெவல் பேட்ரிக் புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். இப்போது எல்லாரையும் ஒதுக்கும் கோடு இல்லை. யாராவது வாசலை மறித்து, உள்ளே போவதற்கு உண்மையிலேயே இடைஞ்சல் செய்தால் போலீஸ் அவர்களைக் கலைந்துபோகச் சொல்லலாம். அப்படி உத்தரவு வாங்கியவர்கள் மட்டும் 25 அடிக்கு அப்பால் இருக்க வேண்டும், அதுவும் அதிகபட்சம் எட்டு மணி நேரம் அல்லது கிளினிக் மூடும் வரை. மிரட்டுவது, வண்டியை மறிப்பது ஆகியவற்றுக்கும் தனி விதிகள் வந்தன. தவறு செய்தவர் ஒதுங்க வேண்டும், செய்யாதவர் நிற்கலாம்.

கொலராடோ தீர்ப்பு ரத்தாகவில்லை. 2025 பிப்ரவரியில் இலினாய் மாநில நகரம் ஒன்றின் வழக்கில் அதை மறுபரிசீலனை செய்யும் வாய்ப்பு வந்தபோதும் உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொள்ளவில்லை. ஆக, சம்மதம் இல்லாமல் நெருங்காதே என்ற வகைச் சட்டங்களுக்கு அமெரிக்காவில் இன்னும் இடம் உண்டு.

இங்கிலாந்து எதிர்த்திசையில் போனது. 2024 அக்டோபர் 31 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கிளினிக்கைச் சுற்றி 150 மீட்டர் பாதுகாப்பு வளையம். அதற்கு முன்பே போர்ன்மத் நகரில் உள்ளாட்சி உத்தரவு ஒன்று இருந்தது. 2022 நவம்பரில் ஒருவர் அந்த எல்லைக்குள் கிளினிக்குக்கு முதுகு காட்டி, தலை குனிந்து, சில நிமிடங்கள் மௌனமாக ஜெபித்தார். பல ஆண்டுகளுக்கு முன் கலைக்கப்பட்ட தன் மகனுக்காக ஜெபித்தேன் என்றார். அதிகாரிகள் நகரச் சொன்னார்கள், அவர் நகரவில்லை. 2024 அக்டோபரில் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. நிபந்தனையோடு விடுவித்து 9,000 பவுண்டு செலவுத் தொகை கட்டச் சொன்னது. உள்ளே போகும் பெண்ணின் நிம்மதிக்கு அங்கே அதிக எடை கொடுக்கிறார்கள், அந்த அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் என்ன நினைத்து ஜெபிக்கிறாய் என்று ஓர் அதிகாரி ஒரு மனிதரைக் கேட்க வேண்டிய நிலைக்கு அது கொண்டுவிட்டது. பாஸ்டன் கோடு தவறாக இருந்தாலும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

எதை மாற்றியிருக்க வேண்டும்

முதலில் பதிவு. யார், எந்தத் தேதியில், எந்த வாசலில், என்ன செய்தார் என்று ஒரு சாதாரண நோட்டில் எழுதி வைத்திருந்தால் பிரச்சினை சனிக்கிழமை பாஸ்டனில்தான் என்பது 2007-லேயே தெரிந்திருக்கும். வாசலை மறித்த நாலு பேர் மேல் பெயர் சொல்லித் தடையுத்தரவு வாங்கியிருக்கலாம். சனிக்கிழமை காலையில் இரண்டு போலீஸ்காரரைக் கூடுதலாக நிறுத்தியிருக்கலாம். இதைச் செய்துபார்த்து, பலிக்கவில்லை என்று ஆவணத்தோடு நீதிமன்றத்துக்குப் போயிருந்தால் ஒன்பதுக்குப் பூஜ்யம் என்று தோற்றிருக்க மாட்டார்கள் என்பது என் கணிப்பு.

வாசலில் நின்றவர்கள் பக்கமும் ஒன்று விட்டுப்போனது. கத்துகிறவர்களால் தங்கள் பணி கெடுகிறது என்று நீதிமன்றத்தில் சொன்னவர்கள், அதே நடைபாதையில் சனிக்கிழமை அந்தக் கூட்டத்தை அடக்க என்ன செய்தார்கள் என்று தீர்ப்பில் தேடினால் கிடைப்பதில்லை. ரகசியமாகச் சந்தித்த எதிர்ப்புப் பக்கப் பெண்கள் தங்கள் பக்கத்து ஆளையே வராதே என்று தடுத்தார்கள். வாசலிலும் அது தேவைப்பட்டது.

கடைசியாக, என்னை அதிகம் உறுத்துவது. இத்தனை அளவும் அடியும் சாட்சியமும் நடைபாதையைக் கடந்து உள்ளே போன பெண்களுக்காக. போலீஸ் பேசியிருக்கிறது, பாட்டி பேசியிருக்கிறார், கிளினிக் நிர்வாகம் பேசியிருக்கிறது, அட்டர்னி ஜெனரல் பேசியிருக்கிறார். அந்தப் பெண்கள் தீர்ப்பில் பேசவே இல்லை என்று சொல்லும் அளவுக்குத்தான் வருகிறார்கள். எந்தக் குரல் பயமுறுத்தியது, எது ஆறுதலாக இருந்தது, எத்தனை அடி தள்ளி நின்றிருந்தால் பரவாயில்லை என்று, பெயர் கேட்காமல், வெளியே போகும்போது ஒரு சீட்டில் எழுதி வாங்கியிருக்கலாம். 2000-இல் தொடங்கியிருந்தால் 2007-க்குள் ஏழு வருடச் சீட்டுகள் சேர்ந்திருக்கும்.